எட்டாகிப் போன மூன்று

செக்கரம்மாவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லாமல் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. இருபத்தெட்டு வருஷம் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக ஏறி இறங்கியவர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் ‘செக்கர்’ அம்மா என்ற பெயரே நின்றுவிட்டது. காய்கறிக் கடைக்காரர் அவருக்கு மட்டும் தராசுத் தட்டைத் தூக்கி, அடிப்பக்கத்தையும் காட்டிவிட்டுத்தான் எடை போடுவார்.

சந்தேகம் அவர் பிறவியிலேயே கொண்டுவந்த குணமல்ல, தொழில் கொடுத்தது. டிக்கெட் வாங்காதவன் ஐந்து பைகளையும் ஒவ்வொரு தடவை தேடுவான், வாங்கித் தொலைத்தவன் ஒரே பையை ஐந்து தடவை தேடுவான் என்பது அவர் கண்டுபிடித்த பாடம். அது பெரும்பாலும் தப்பியதில்லை. ஒரு நாள் நெரிசலான வண்டியில் சொந்த அண்ணனே ஐந்து பைகளையும் தேடினார். தன் பத்து வயது மகள் மாமாவின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, செக்கரம்மா அண்ணனுக்கு அபராதச் சீட்டு எழுதிக் கையில் கொடுத்தார். அண்ணன் மூன்று வருஷம் தங்கை வீட்டு வாசலை மிதிக்கவில்லை. “உறவு வேற, டிக்கெட் வேற” என்று அவரும் விட்டுவிட்டார்.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். நாள் முழுக்கப் பிறர் கண்ணைப் பார்த்தே பிழைப்பவர், மனைவியின் கண்ணை மட்டும் நேருக்கு நேர் பார்ப்பது குறைவு என்று கடைத்தெருவில் ஒரு கேலி உண்டு. வாயில்லாப் பூச்சி. அவருக்கு இருந்த ஒரே ஆசை, வீட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையில் நின்ற நீல நிறக் கார். உருண்டை விளக்குகளும் ஒல்லியான ஸ்டியரிங்குமாக, செக்கரம்மா பள்ளிக்கூடம் போன காலத்தில் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த வண்டி. ஒரு டாக்டர் குடும்பத்திடமிருந்து வாங்கி இருபத்துநாலு வருஷம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதைத் துடைத்துக்கொண்டே இருப்பார். செக்கரம்மா அந்த வண்டியை “என் சக்களத்தி” என்றுதான் சொல்வார்.

அந்த வருஷம் ஒரு புது விதி வந்தது. இத்தனை வயதுக்கு மேற்பட்ட வண்டிகள் எல்லாம் பழமை வாகனம் என்று தனியாகப் பதிவு பெற வேண்டும், பெறாதவை உடைப்புக்குப் போக வேண்டும் என்று. கண்ணாடிக்காரர் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனார். கெடு முடிய ஒரு மாதம் இருக்கும்போது செக்கரம்மாவே காகிதங்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு, கணவரை ஓட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து பதிவு அலுவலகத்துக்குக் கிளம்பினார்.

அலுவலகத்தின் பின்பக்க முற்றத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. ஆய்வாளர் நாற்பதைத் தொடாதவர். கையில் டார்ச், பையில் உப்புத்தாள், காதில் ஒரு பென்சில். முன்பக்க மூடியைத் திறந்து, சட்டத்தில் ஒட்டியிருந்த பெயின்டைத் தேய்த்து நீக்கி, வண்டியின் சேஸிஸ் எண் இருந்த இடத்தில் மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் மேலே மேலே தீட்டினார். எண் வெள்ளை வெள்ளையாகக் காகிதத்தில் எழும்பி வந்தது. வண்டிப் புத்தகத்தோடு ஒட்டிப் பார்த்தார். இன்னொரு காகிதம் எடுத்து மறுபடி தீட்டினார். செக்கரம்மா எட்டிப் பார்த்தார். புத்தகத்தில் கடைசி இலக்கம் மூன்று. வண்டியில் எட்டு.

அங்கேயே சுற்றிக்கொண்டிருந்த ஒரு தரகர், வேலியோரத்தில் போகிற ஓணானைப் போலத் தலையை நீட்டி, இதற்கெல்லாம் ஒரு படிவம் இருக்கிறது, பழைய குமாஸ்தா எட்டை மூன்று என்று எழுதிவிட்டார் என்று கையெழுத்துப் போட்டால் ஒரே வாரத்தில் திருத்திவிடலாம் என்றார்.

“எழுத்துப் பிழைன்னா படிவம் போதும்தான்,” என்றார் ஆய்வாளர். “ஆனா இது எழுத்துப் பிழையான்னு எனக்கு முதல்ல தெரியணும்.”

செக்கரம்மாவுக்கு அந்த ஆளைப் பிடித்துப்போயிற்று. பிடிக்காமல் போனது வேறொன்று. ஆய்வாளர் வண்டிச் சாவியைக் கேட்டபோது கண்ணாடிக்காரர் தேடினார். சட்டைப் பை, கால்சட்டையின் இரண்டு பக்கப் பை, பின்பை, மறுபடி சட்டையின் உள்பை. ஐந்து. சாவி வண்டியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

திரும்பி வரும் வழியில் கண்ணாடிக்காரர் தானாகவே பேசினார். அதுவே அதிசயம். எதுக்கு இந்த அலைச்சல், வண்டிக்கும் வயசாகிவிட்டது, நமக்கும் வயசாகிவிட்டது, உடைப்புக்கே கொடுத்துவிடலாம் என்றார். இருபத்துநாலு வருஷமாகத் துணி கிழியத் துடைத்த மனுஷன் சொல்கிற பேச்சா அது? செக்கரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தான் செய்யும், தானே வாய் திறக்கட்டும் என்று விட்டுவிட்டார். அது திறக்கவில்லை.

மறுநாள் காலை அவர் தனியாக அலுவலகம் போய் ஆவண அறையில் உட்கார்ந்தார். தூசு பட்டுத் தும்மிக்கொண்டே இருந்த அந்த அறைக்காரர், அத்தனை பழைய கோப்பு இருக்காது என்று இரண்டு தடவை சொன்னார். செக்கரம்மா எழுந்திருக்காததால் மூன்றாவது தடவை தேடப் போனார். மதியத்துக்கு மேல் கோப்பு வந்தது. வண்டி முதன்முதலில் பதிவான நாளில் எடுத்த பென்சில் அச்சு, பழுத்துப்போய், அதில் ஒட்டியிருந்தது.

ஆய்வாளர் பழைய அச்சையும் புது அச்சையும் மேசை விளக்கின் கீழ் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக வைத்தார். பழையதில் இலக்கங்கள் பள்ளிப் பிள்ளைகள் வரிசை மாதிரி ஒரே உயரத்தில் நின்றன. புதியதில் ஒன்று சாய்ந்திருந்தது, ஏழு பாதி மேலே ஏறியிருந்தது, பூஜ்யம் ஒரு பக்கம் ஆழம், ஒரு பக்கம் மேலோட்டம்.

“அம்மா, ஒரு நம்பர் மட்டும் மாறல,” என்றார் ஆய்வாளர், குரலைத் தாழ்த்தி. “முழு நம்பரையும் யாரோ கையால மறுபடி அடிச்சிருக்காங்க.”

அதற்கு என்ன அர்த்தம் என்று செக்கரம்மாவுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. திருடிய வண்டிக்குத்தான் எண்ணை ராவி விட்டு வேறு எண் அடிப்பார்கள். எட்டில் முடியும் வண்டி எங்கே இருக்கிறது, யாராவது காணவில்லை என்று புகார் கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டு எழுதப் போவதாகவும், பத்து நாள் கழித்து இரண்டாம் ஆய்வு என்றும், அதுவரை வண்டியில் ஒரு திருகாணியைக்கூடத் தொடக்கூடாது என்றும் ஆய்வாளர் சொன்னார். சொல்லும்போது அவர் செக்கரம்மாவைப் பார்த்த பார்வை செக்கரம்மாவுக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. ஆயிரக்கணக்கான பேரை அவரே அப்படிப் பார்த்திருக்கிறார். தன் மேல் விழும்போது அது எப்படி இருக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்தப் பத்து நாளும் வீடு வீடாக இல்லை. கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. கணவரிடம் எண்ணைப் பற்றி ஒரு தடவை கேட்டார். வாங்கும்போதே அப்படித்தான் இருந்திருக்கும் என்று சொல்லிவிட்டு அவர் செய்தித்தாளை விரித்தார். தாள் தலைகீழாக இல்லை, ஆனால் அது முந்தாநாள் தாள். செக்கரம்மா மேசை இழுப்பறைகளைப் பார்த்தார். கடைக் கணக்கு, உடைந்த கண்ணாடிச் சட்டங்கள், மகளின் பழைய மதிப்பெண் பட்டியல். எதிலும் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததே அவருக்குச் சந்தேகமாக இருந்தது. முப்பத்தைந்து வருஷம் தான் தலையணை உறை துவைத்துப் போட்ட மனுஷன் திருட்டு வண்டி வாங்கியவனா, அல்லது திருடிக் கொடுத்தவர்களுக்கு உடந்தையா? ராத்திரிச் சாப்பாட்டில் அவர் உப்புக் கேட்டால்கூட, எதற்கு இவ்வளவு மெதுவாகக் கேட்கிறார் என்று தோன்றியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னையே கடிந்துகொள்வார். கடிந்துகொண்ட கையோடு கணவரின் சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பார்.

ஏழாம் நாள், லென்ஸ் வாங்கிவர மொத்தக் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கண்ணாடிக்காரர் கிளம்பினார். மொத்தக் கடை வடக்கே. அவருடைய ஸ்கூட்டர் தெற்கே திரும்பியதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்த செக்கரம்மா, அந்தப் பக்கம் போகும் அடுத்த பேருந்தைப் பிடித்தார். நடத்துநர் பழைய பழக்கத்தில் எழுந்து நின்றார். செக்கரம்மா டிக்கெட் வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டு வந்தார். நான்காவது நிறுத்தத்துக்கு முன்னால், ஒரு தகரக் கொட்டகை வாசலில் அந்த ஸ்கூட்டர் நின்றது. வெல்டிங் பட்டறை.

உள்ளே போனார். இரும்புத் துகள் வாடை. வெல்டிங்காரர் பழைய பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எதிரே கண்ணாடிக்காரர் ஒரு காகிதத்தில் எட்டு வரைந்து, அதன் இடது பாதியை விரலால் மறைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்ததும் காகிதத்தைக் கசக்கினார்.

“வாங்க அண்ணி,” என்றார் வெல்டிங்காரர்.

செக்கரம்மா அந்த ஆளை வாழ்க்கையில் பார்த்ததில்லை. பார்க்காத ஆள் எப்படி அண்ணி என்று கூப்பிடுகிறான்? வேலை மேசை மேல் ஒரு சின்ன மரப்பெட்டி திறந்து கிடந்தது. விரல் நீளத்தில் இரும்பு அச்சுகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு இலக்கம், இரும்பில் வைத்துச் சுத்தியலால் அடித்தால் எண் விழும். பூஜ்யம் முதல் எட்டு வரை ஒன்பது குழி. ஆறைத் தலைகீழாகப் பிடித்தால் ஒன்பது. எட்டுக் குழிகளில் அச்சு இருந்தது. ஒன்று காலி.

“மூணு எங்க?” என்றார் செக்கரம்மா.

“அது தொலைஞ்சு இருபது வருஷம் ஆச்சு அண்ணி. ஒத்தையா விக்க மாட்டேங்கறாங்க, முழுப் பெட்டிதான் வாங்கணுமாம். பாப்பா வண்டிய இடிச்சப்பவே அது இல்ல…” சொல்லிக்கொண்டே வந்தவர் கண்ணாடிக்காரர் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

“எந்தப் பாப்பா?”

கண்ணாடிக்காரர் கவிழ்த்துப் போட்ட ஒரு தகர டிரம்மில் மெல்ல உட்கார்ந்தார். பிறகு, இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொல்ல, கதை துண்டு துண்டாக வந்தது.

பதினேழு வருஷத்துக்கு முன்னால் செக்கரம்மா நான்கு நாள் பயிற்சிக்கு வெளியூர் போயிருந்தார். மகளுக்குப் பதினாறு வயது. ஓட்டிப் பழக வேண்டும் என்று அப்பாவை நச்சரித்தாள். அப்பா இளகிவிட்டார். ஆளில்லாத கிடங்கு மைதானத்தில் இரண்டு சுற்று நன்றாகத்தான் ஓட்டினாள். மூன்றாவது சுற்றில் பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலரேட்டரை மிதித்து, கிடங்கு வாசலின் கான்கிரீட் தூணில் கொண்டுபோய் மோதினாள். வண்டியின் முன்சட்டம் ஒரு பக்கம் வில்லாக வளைந்தது. வளைந்த அந்தத் துண்டில்தான் எண் இருந்தது. வெல்டிங்காரர் அதை வெட்டி எடுத்துவிட்டுப் புது இரும்பு வைத்து ஒட்டினார். எண் இல்லாத சட்டம் திருட்டு வண்டி மாதிரித் தெரியும் என்று கண்ணாடிக்காரர் பயந்தார். அதனால் பழைய எண்ணையே அடிக்கச் சொன்னார். மூன்று இல்லை. எட்டை அடித்துவிட்டு இடது பக்க வளைவுகளை மூடி ராவிவிடலாம் என்று பேசிக்கொண்டார்கள். அதற்குள் பயிற்சி ஒரு நாள் முன்னதாக முடிந்து செக்கரம்மா ஊர் வருவதாகச் செய்தி வந்தது. கண்ணாடிக்காரர் அப்படியே பெயின்டைப் பூசி மூடி வண்டியைக் கொட்டகையில் விட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மாதிரி பதினேழு வருஷம் மறைந்தே இருந்தது.

“அவளுக்கு அப்போ கையில கட்டு,” என்றார் செக்கரம்மா மெதுவாக. “பள்ளிக்கூடப் படியில விழுந்தேன்னு சொன்னா.”

“தோள்பட்டை எலும்பு. வண்டியிலதான்,” என்றார் கண்ணாடிக்காரர்.

அந்தப் படி விஷயத்தைச் செக்கரம்மா சும்மா விட்டிருக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கே போய், படிகளை முழம் போட்டு அளந்து, தலைமையாசிரியையோடு வாய்ச்சண்டை போட்டு, மேலிடத்துக்கு நான்கு பக்கம் புகார் எழுதியிருந்தார். அந்தப் புகாரால்தான் பள்ளிக்கூடத்தில் படிகளுக்குக் கைப்பிடிக் கம்பி வந்தது. அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கும்போதெல்லாம் அந்தப் பெண் என்ன நினைத்திருப்பாள்?

வீட்டுக்கு வந்ததும் மகளுக்குப் போன் போட்டார். வேறு ஊரில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். அம்மா எதையும் கேட்பதற்கு முன்பே, அப்பா சொல்லிவிட்டாரா என்று கேட்டாள்.

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பம்மா? மாமாவுக்கே சீட்டு எழுதினவ நீ. லைசென்ஸ் இல்லாம ஓட்டின என்னையும் அப்பாவையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிருக்க மாட்டியா?”

மாட்டேன் என்ற சொல் செக்கரம்மாவுக்கு வாய்வரை வந்தது. ஆனால் பொய் சொல்லிப் பழக்கம் இல்லை.

“தெரியல,” என்றார். அந்தப் பக்கம் மகள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று போனில் பிடிபடவில்லை.

கண்ணாடிக்காரர் அன்றைக்குத் தட்டில் கை வைக்கவில்லை. தரகரின் படிவத்திலேயே கையெழுத்துப் போட்டுவிடலாம், குமாஸ்தா தப்பு என்றால் யாருக்கும் கெடுதல் இல்லை, அந்தக் குமாஸ்தா உயிரோடு இருக்கிறானோ என்னவோ என்று கெஞ்சினார். செக்கரம்மா வெகுநேரம் யோசித்தார். கோபம் இருந்தது. பட்டறையில் எட்டை மூன்றாக்கப் பார்த்ததை நினைத்தால் அது இன்னும் பொங்கியது. ஆனாலும் இத்தனை வருஷம் இந்த இரண்டு பேரும் பயந்தது போலீஸுக்கு அல்ல, தனக்கு என்பது உறைத்துக்கொண்டே இருந்தது.

“செத்தவன் தலையில பழியப் போட வேண்டாம்,” என்றார் கடைசியில். “நடந்தத எழுதிக் குடுப்போம். நானும் கூட நிக்கிறேன்.”

அவரே இரண்டு பக்கம் எழுதினார். கணவர் கையெழுத்துப் போட்டார். வெல்டிங்காரர் போட மாட்டேன் என்று முதலில் சொல்லி, பிறகு மரப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார். இரண்டாம் ஆய்வு அன்று காலை ரயிலில் மகளும் வந்து இறங்கினாள்.

ஆய்வாளர் முற்றத்தில் நின்றபடியே இரண்டு பக்கத்தையும் படித்தார். நான்கு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

“கதை நல்லா இருக்கு,” என்றார். “கதை நல்லா இருந்தாலே எனக்குச் சந்தேகம் வரும்.”

பாம்பின் கால் பாம்பறியும். செக்கரம்மா தலையசைத்தார். தானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

அதன் பிறகு அந்த மனுஷன் செய்த வேலையைச் செக்கரம்மா பக்கத்திலேயே நின்று பார்த்தார். ஆய்வாளர் முதலில் காலியாக இருந்த மூன்றின் குழியைப் பார்த்தார். பெட்டியிலிருந்த அச்சுகளை ஒரு ஈயத் துண்டில் அடிக்கச் சொல்லி, ஏழின் வடிவும் பூஜ்யத்தின் ஓரமும் வண்டியில் இருப்பவைதானா என்று ஒப்பிட்டார். வெல்டிங் ஓடிய கோட்டை டார்ச் அடித்துத் தடவினார். இன்ஜின் எண் புத்தகத்தோடு ஒத்துப்போனது. அது போதாது, இன்ஜினை மாற்றலாம் என்றார். கடைசியில் ஓட்டுநர் இருக்கையையே கழற்றி, தரை விரிப்பை உரித்தார். அடியில், துருவுக்கு நடுவே, தீப்பெட்டி அகலத்தில் ஒரு அலுமினியத் தகடு. தொழிற்சாலையில் ஆணி அடித்த தகடு, யாரும் தொடாதது. பழைய கோப்பில் சேஸிஸ் எண்ணுக்கு அடுத்துக் குறித்திருந்த உடற்பகுதி எண், அதாவது பாடி நம்பர், அதில் அப்படியே இருந்தது. கண்ணாடிக்காரருக்கே அப்படி ஒரு தகடு இருப்பது தெரியாது.

எட்டில் முடியும் வண்டியைப் பற்றிய பதிலும் அதற்குள் வந்திருந்தது. அது எங்கோ தூரத்து ஊரில் ஒரு மரவியாபாரியிடம் ஓடித் தேய்ந்து, ஒன்பது வருஷத்துக்கு முன்னால் முறைப்படி உடைப்புக்குப் போயிருந்தது. சான்றிதழின் நகலை ஆய்வாளர் வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் கோப்பில் சேர்த்தார்.

அடுத்த வாரம் அலுவலகத்தின் ஆளே வந்து, பட்டறைக்காரர் அடித்த எண்ணின் மேல் ஒரு கோடு வெட்டிவிட்டு, அதற்குக் கீழே சரியான எண்ணைப் பொறித்தார். ஒவ்வொரு அடிக்கும் கண்ணாடிக்காரர் தன் விரல் நசுங்கியது மாதிரிக் கண்ணை மூடினார். கடைசி அடி மூன்று. ஓரத்தில் அலுவலக முத்திரை விழுந்தது. கண்ணாடிக்காரருக்கு அபராதமும், வெல்டிங்காரருக்கு எழுத்தில் எச்சரிக்கையும் கிடைத்தன. வண்டிப் புத்தகத்தில், சட்டம் பழுதுபார்க்கப்பட்டு எண் மீண்டும் பொறிக்கப்பட்டது என்று ஒரு வரி ஏறியது. பழைய கார் வைத்திருப்பவர்களின் கண்காட்சியில் இனி அதை அசல் வண்டி என்று நிறுத்த முடியாது. கண்ணாடிக்காரருக்கு அது பெரிய வருத்தம். இரண்டு நாள் கொட்டகைப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் துணியை நனைத்துக்கொண்டு போய்விட்டார்.

செக்கரம்மா அவரோடு சரியாகப் பேச ஒரு மாதம் ஆயிற்று. கோபத்தைக் காட்டிலும், என்ன பேசுவது என்று தெரியாததுதான் காரணம். கேட்க வருகிற எதுவும் விசாரணை மாதிரியே இருந்தது. எங்கே போனீர்கள் என்பதைக்கூட அவருக்கு வேறு விதமாகக் கேட்கத் தெரியவில்லை.

எண் பொறித்த அந்த வாரத்திலேயே, மகள் ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள், அம்மாவை வண்டியில் உட்காரச் சொன்னாள். தானே ஓட்டுவதாகச் சொன்னாள். செக்கரம்மா பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, லைசென்ஸ் எங்கே என்று கேட்டார். மகள் சிரிக்காமல் எடுத்துக் கொடுத்தாள். அவர் முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

மகள் நன்றாகத்தான் ஓட்டினாள். கடைத்தெருவைத் தாண்டி, ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது கியர் மாற்றக் கையை நீட்டியவள், தோளைச் சற்றுத் தூக்கி இறக்கினாள். அப்படி அவள் செய்வதைச் செக்கரம்மா எத்தனையோ வருஷமாகப் பார்த்திருக்கிறார். அது வெறும் பழக்கம் என்று நினைத்திருந்தார்.

“இன்னும் வலிக்குதா?” என்றார்.

மகள் ரோட்டைப் பார்த்தபடியே, “மழை நாள்ல கொஞ்சம்,” என்றாள். பிறகு, எந்த டாக்டர் கட்டுப் போட்டார், அப்பா அன்றைக்கு எப்படி நடுங்கினார், கட்டுப் போடும்போது தான் எவ்வளவு கத்தினாள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். செக்கரம்மா நடுவில் ஒரு கேள்விகூடக் கேட்காமல் கேட்டுக்கொண்டு வந்தார்.